ஒரே முகவரியில் இரண்டு கணினிகள்

என் மடிக்கணினிக்கு அலுவலகத்தில் 'தகடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவ்வளவு மெல்லிசு. இதில் போய் யாராவது புரோகிராம் எழுதுவார்களா என்று கேலி செய்யாத ஆள் கிடையாது. பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். ரத்த வங்கி ரத்த வங்கியாக நாள் முழுக்க அலைகிறவள் நான். என் தோள்பட்டை வலி எனக்குத்தான் தெரியும்.

ரத்த வங்கிகளுக்காக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பை எந்தக் கிளையில் இருக்கிறது, எது எப்போது காலாவதியாகிறது என்று ஒரே திரையில் காட்டும். அந்த வங்கிகளில் இருக்கும் கணினிகளோ அரதப் பழசு. அதில் ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நிற்க முடியுமா? அதனால் தகட்டுக்குள்ளேயே மெய்நிகர் கணினிகளை வைத்திருந்தேன். ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உண்டாக்கி ஓடவிடுவதுதான் அது. ஒன்று ரத்த வங்கியின் பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும், இன்னொன்று தலைமை அலுவலகத்துக் கணினியைப் போல. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் தகடு திணறும். அடிப்பக்கம் சுட்டு மடியில் வைக்க முடியாது. உலாவியை மூடி, பாட்டை நிறுத்தி, இரண்டுக்கும் நினைவகத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துத்தான் வேலையை ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை இதை மேடத்திடம் காட்ட வேண்டும். மேடம் எங்கள் பிரிவுத் தலைவர். பிடித்திருந்தால் எல்லாக் கிளைகளுக்குமான திட்டத்தையும் என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். அடுத்தவர் எழுதியதற்கு ஒட்டுப்போட்டே காலம் தள்ளியவளுக்கு இது என்ன என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. இது கைவிட்டுப் போனால் மறுபடி ஒட்டுப்போடும் வேலைதான்.

என் தம்பியும் அதே அலுவலகம், வேறு குழு. வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டான். அம்மா என்னோடு இருக்கிறாள். கொஞ்ச நாளாகவே மதியத்தில் சின்னவன் என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். "எப்படிக்கா இவ்ளோ சின்ன லேப்டாப்ல ரெண்டு மெஷின் ஓட்ற?" என்பான். நானும் உச்சி குளிர்ந்து ஒன்று விடாமல் சொல்வேன். கூடப் பிறந்தவன் கேட்கிறான், மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை என் மெய்நிகர் கணினிக்கு வலைத்தொடர்பு போவதும் வருவதுமாக இருந்தது. தகட்டில் வேறெல்லாம் ஒழுங்காக ஓடியது, அது மட்டும் அறுந்து அறுந்து வந்தது. நாளைக்குக் காட்ட வேண்டும். ஒயர் அண்ணனைக் கூப்பிட்டேன். அலுவலகத்தின் வலைப்பின்னலைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லாருக்கும் அவர் ஒயர் அண்ணன்.

வந்தவர் முதலில் தகட்டைத்தான் பார்த்தார். "கேபிள் மாட்ட ஒரு ஓட்டை கூட இல்ல. அதுக்குத் தனியா ஒரு வாலு வேற" என்று என் இணைப்பானை ஆட்டிக் காட்டினார்.

"அண்ணா, நானே நொந்து போயிருக்கேன். கிண்டல் பண்ணாம என்னன்னு பாருங்க."

தன் கணினியைத் திறந்து தட்டிப் பார்த்தார். பிறகு, "ஏம்மா, உன் மெஷின் இன்னொரு எடத்துலயும் ஓடுதா?" என்றார்.

"இல்லையே. இங்க மட்டும்தான்."

"ஒரே முகவரியோட ரெண்டு மெஷின் உக்காந்திருக்கு. ஒண்ணு இங்க. இன்னொண்ணு மூணாவது மாடி, மீட்டிங் ரூம். ரெண்டும் நான்தான் நான்தான்னு அடிச்சுக்குது. அதான் அறுந்து போகுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விஷயம் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிரில்லை. எந்தக் கணினிக்கும் வலைப்பின்னலில் அதற்கே உரிய முகவரி ஒன்று உண்டு, மெய்நிகர் கணினிக்கும் உண்டு. மெய்நிகர் கணினி வெறும் கோப்புதான், யாரும் நகலெடுக்கலாம். நகலை வேறு இடத்தில் திறக்கும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: இதை இடம் மாற்றினாயா, நகல் எடுத்தாயா? நகல் என்று உண்மையைச் சொன்னால் புது முகவரி கொடுத்துவிடும். ஆனால் நான் உள்ளே வைத்திருக்கும் தரவுத்தளத்தின் உரிமம் பழைய முகவரியோடு கட்டப்பட்டது. புது முகவரியில் அது திறக்காது. அதனால் திருடியவன் 'இடம் மாற்றினேன்' என்று பொய்யை அழுத்தியிருக்கிறான். அந்த உரிம விவகாரத்தை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருவனிடம்தான்.

தகட்டை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினேன். வால் பின்னால் தொங்கிக்கொண்டே வந்தது.

கண்ணாடிச் சுவர் வழியாகப் பெரிய திரை தெரிந்தது. நான் போட்ட நிறம், நான் வைத்த பொத்தான்கள். மேடம் கன்னத்தில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருக்க, சின்னவன் நின்றுகொண்டு விளக்கிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"வாங்க, வாங்க. நீங்க நாளைக்குக் காட்றேன்னு சொன்ன மாதிரியே உங்க தம்பியும் ஒண்ணு பண்ணியிருக்காரு" என்றார் மேடம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொடையாளர்ல ஒயர் அண்ணன்னு ஒருத்தர் இருக்காரே, யாரு இவரு?"

சோதனைக்காக நான் போட்ட பெயர், இந்த வாரம்தான் நீக்கினேன். அதைக்கூட மாற்றாமல் கொண்டுவந்திருக்கிறான் மகராசன். அவசரமாக அடுத்த பக்கத்துக்குத் தாவப் பார்த்தான்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன். "மேடம், உறைய வெச்ச பிளாஸ்மாவை உருக்கினா சீக்கிரம் கெட்டுப்போயிடும். உருக்கினதா ஒரு பையைப் பதிஞ்சு, காலாவதி தேதியைக் காட்டச் சொல்லுங்க."

"அக்கா, வெளிய போய்ப் பேசலாம்."

"இங்கயே காட்டுப்பா" என்றேன்.

மேடமே மவுஸை இழுத்துப் பதிந்து பார்த்தார். திரை பழைய தேதியையே காட்டியது. சீக்கிரம் கெடப்போகிற பை பல மாதத்துக்கு நல்லது என்று நின்றது. அவன் கணினியிலிருந்த கேபிளைப் பிடுங்கி என் தகட்டின் வாலில் மாட்டினேன். தகடு வழக்கம்போல ஆடி அசைந்து திறந்தது. அதே பையைப் பதிந்ததும் சிவப்பாக எச்சரித்தது.

"அது என்னோட பழைய நகல் மேடம். இந்தத் தப்பை இந்த வாரம்தான் சரி பண்ணேன். அவன் எடுத்தது அதுக்கு முந்தினது."

மேடம் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க போகலாம்" என்றார் அவனிடம். என்னை உட்காரச் சொன்னார். திட்டம் என் கைக்கு வந்துவிட்டது. ஆசைப்பட்டது கிடைத்தும் நெஞ்சு கனத்துத்தான் கிடந்தது.

வெளியே வந்தபோது படிக்கட்டில் நின்றிருந்தான். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"என் லேப்டாப்பை நீ தொட்டதில்ல. எங்கிருந்து எடுத்த?"

"பேக்கப் டிஸ்க்லேருந்து."

வார இறுதியில் எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்து வைக்கும் வட்டு அது. எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும். பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும்.

"அம்மாவ ஏமாத்தி வாங்கினியா?"

"இல்லக்கா. எதுக்குன்னு சொல்லித்தான் கேட்டேன்."

நம்பவில்லை. அவன் எதிரிலேயே அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடியது, பிறகு நின்றது.

"ஆமாடி, நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். குரலில் ஒரு தயக்கம் கூட இல்லை. "அவன் வீட்ல அவனுக்கு மரியாதையே இல்ல. பெரிசா ஒண்ணு செஞ்சு காட்டினாத்தான் தலை நிமிர்ந்து நடப்பான். உனக்கென்ன, நீ கெட்டிக்காரி. இது போனா இன்னொண்ணு செஞ்சுப்ப. அவனால முடியுமா?"

இத்தனை வருஷத்தில் அம்மா என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"இது என்னோட உழைப்புன்னு உனக்குத் தெரியாதாம்மா? ராவும் பகலும் நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"தெரியும். அதுக்கு இப்ப என்ன?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எல்லார் முன்னாலயும் அவனக் காட்டிக் குடுத்துட்டியா?"

சின்னவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றேன்.

"பாவி" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள்.