மனைவிக்குப் பயமில்லை

ரவிசந்திரன் தும்மக் கூடாது. இருமக் கூடாது, குனியக் கூடாது, கழிவறையில் முக்கவும் கூடாது. பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்த மனிதர், இப்போது ஒரு தும்மலுக்குப் பயந்து மராட்டியப் பக்கத்துப் போபோடியில் தன் வீட்டின் இரண்டு அறைக்குள் அடைந்து கிடந்தார்.

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்காக அவருடைய வலது கண்ணில், உள்ளே தேங்கும் நீர் வடிய ஒரு சின்ன வழி வெட்டியிருந்தார்கள். வழி திறந்தது, ஆனால் தேவைக்கு மேல் திறந்துவிட்டது. அழுத்தம் ஒரேயடியாக இறங்கி, கண் காற்றுப் போன பந்துபோல் துவண்டுவிட்டது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பொறுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் மறுபடி தையல் போட வேண்டும் என்றார் டாக்டர். இடது கண்ணில் ஓரங்கள் எப்போதோ போய், நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அவர் நாள் முழுக்க மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா டீயை ஊற்றும்போது டம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வாசல்படியைக் காலால் தடவித்தான் தாண்டினாள். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டு, யாரோ கதவை நகர்த்தி வைத்ததுபோல் அதைத் திட்டினாள். இதெல்லாம் அவர் செய்த வேலைகள்தான். கண் கெட்டுப்போகிறது என்று தெரிவதற்கு முன்னால் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அவரும் செய்திருந்தார்.

"மல்லிகா, நீயும் ஒருதரம் காட்டிடு."

"எனக்கு எதுக்கு? ரத்த சொந்தத்துக்குத்தான் வரும், மனைவிக்குப் பயமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல?"

"நீ யாருன்னு அவருக்குத் தெரியாது."

"தெரியவும் வேணாம்." அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மல்லிகா அவருடைய அக்கா லலிதாவின் மகள். திருவண்ணாமலைப் பக்கத்தில் இதில் ஒரு விசேஷமும் இல்லை. தாய்மாமனுக்குக் கொடுப்பதுதான் முறை, கொடுக்காவிட்டால்தான் சண்டை. ஆனால் கல்யாணமான புதிதில் இங்கே வந்து அதைச் சொன்னபோது, எதிர்வீட்டு மராட்டிக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். மராட்டிக்காரர்களுக்குத் தாய்மாமன் தகப்பனுக்குச் சமம். அன்று ராத்திரி மல்லிகா அழுத அழுகையில், இனி யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அவரும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கும் வாய்ப்பூட்டு போட்டாயிற்று.

பிற்பாடு லலிதா அக்காவுக்குப் பார்வை போனது. சர்க்கரையால் போயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சத்தியத்தைக் காப்பாற்றினால் மல்லிகாவின் கண் போகும், மீறினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வாய்விட்டு அழலாம் என்றாலோ, டாக்டர் அதற்கும் தடை போட்டிருந்தார்.

மறுபரிசோதனைக்குப் பக்கத்துவீட்டு வைஷாலி தன் காரில் கூட்டிப்போனாள். டாக்டர் அவர் கண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தையல் போட்டே ஆக வேண்டும். பிள்ளைகளைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டார். வித்யாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, நிர்மல் பெங்களூரில் இருக்கிறான் என்று மல்லிகா முந்திக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்தவள், எதிரே இருந்த ஸ்டூலில் மோதிக்கொண்டாள்.

ரவிசந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர் சாப்," என்றார் இந்தியில், "இவள் என் மனைவி மட்டுமில்லை. கூடப்பிறந்த அக்காவின் மகள். அக்காவுக்கும் பார்வை போய்விட்டது. முதலில் இவளைப் பாருங்கள்."

மல்லிகாவின் முகம் வெளுத்துப்போனது. வைஷாலி மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அதுதான் சந்து முழுக்கத் தெரியுமே? உங்கள் அக்கா வந்திருந்தபோதே எல்லாரிடமும் சொன்னார்களே!" என்றாள். வருஷக்கணக்காகக் கட்டிக் காத்த ரகசியத்தின் லட்சணம் இவ்வளவுதான். டாக்டரும் வாயில் கை வைக்கவில்லை. பேசாமல் மல்லிகாவின் முகவாயைக் கருவியில் வைக்கச் சொன்னார்.

நேரம் பிடித்தது. இரண்டு கண்ணிலும் நரம்பு தேய்ந்திருந்தது, இடதில் ரொம்பவே. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தாய் தகப்பன் இருவருக்கும் இருப்பதால், பிள்ளைகள் இனி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார்.

வைஷாலி மருந்து வாங்கப் போக, இருவரும் ஆஸ்பத்திரித் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"சந்துக்கே தெரிஞ்சிருக்கு. இதுக்கா இவ்ளோ வெக்கப்பட்ட?" என்றார் அவர்.

"வெக்கமா?" மல்லிகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குக் கண்ணு மங்குதுன்னு போன வருசமே தெரியும். உங்களுக்கு மட்டும்னா புள்ளைங்க தப்பிச்சாலும் தப்பிக்கும்னு இருந்தேன். எனக்கும் இருக்குன்னு எழுதிட்டாங்கன்னா ரெண்டு பக்கமும் இல்ல அடைச்சுக்கும்? நாமளே சேந்து குடுத்ததா ஆயிடும். அதுக்குத்தாங்க காட்டல."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"போன மாசம் வித்யா அவ அப்பார்ட்மெண்ட் கேட்டுல ஸ்கூட்டிய இடிச்சாளே. தொறந்திருந்த கேட்டு. நீங்க வாட்ச்மேனப் புடிச்சுத் திட்டுனீங்க."

ரவிசந்திரன் போனை எடுத்தார். மல்லிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாயந்தரம் சொல்லிக்கலாங்க. இன்னிக்கு ஒரு பொழுதாவது அவ நிம்மதியா இருக்கட்டுமே."

"சாயந்தரம் அந்த வண்டியிலதானே வீட்டுக்குப் போவா?"

மல்லிகா கையை எடுத்துவிட்டாள். மணி அடித்ததுமே வித்யா எடுத்தாள்.

"வித்யா, ஸ்கூட்டிய ஆபீஸ்லயே விட்டுடும்மா. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு வா. இப்பவே வா."

"ஐயோ, என்னப்பா?" என்று பதறினாள் மகள். "உங்களுக்கு என்ன ஆச்சு?"