வாப்பா நிறுத்திய பக்கம்

வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் போட்டால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அதனால் மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவர் வேலை பார்க்கும் சவூதித் தம்மாமுக்குக் கேசட்தான் போகும். அங்கிருந்து லீவில் வந்து திரும்புகிற ரசீத் மாமாவின் பெட்டியில் துணிக்குள் சுற்றிக் கொடுத்துவிடுவோம்.

கேசட்டின் முதல் பக்கம் உம்மாவுடையது. அதை வாப்பா காதில் ஹெட்போன் மாட்டித் தனியாகக் கேட்பார். இரண்டாம் பக்கம் நான் பேசுவது. அது வாப்பா தங்கியிருந்த அறைக்கே பொது. பன்னிரண்டு ஆண்கள், எல்லாரும் ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள், சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம்.

வாப்பா கடைசியாக ஊருக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. 1994இல் பதிமூன்று. நான் பெரியவளாகி ஒரு வருடம் ஆகியும் உம்மா அதை வாப்பாவுக்குச் சொல்லவில்லை. "இப்பமே சொன்னா அந்த மனுசனுக்குக் கல்யாணக் கவலை வந்துரும். நேர்ல வரட்டும்" என்பாள். எனவே ஒவ்வொரு கேசட்டிலும் நான் எட்டு வயதுக் குரலில் கொஞ்ச வேண்டும். வாப்பாவும் எட்டு வயதுக்காரிக்கு ரோஸ் கலரில் கவுன் அனுப்பிக்கொண்டே இருந்தார். கை முழங்கைக்கு மேல் ஏறாது. உம்மா அதையெல்லாம் பீரோவில் மடித்து வைத்தாள். யாருக்கு என்று கேட்டால் முறைப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடமும் வீடும் தவிர எங்கும் போகக் கூடாது என்றாகிவிட்டது. கூட விளையாடிய பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். உலகத்தில் ஒரே ஒரு ஆளாவது நான் யார் என்று தெரிந்துகொள்ளட்டும், அது வாப்பாவாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

உம்மா பீடி இலை வாங்கப் போன ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். "எனக்கு இப்பம் இருட்டுன்னா பயம் கெடையாது" என்று ஆரம்பித்தேன். ரோஸ் கலர் பிடிக்காது, அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது, மேலே படிக்க வேண்டும், சில நாள் காரணமில்லாமல் அழுகை வருகிறது, எல்லாம் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. பெற்ற மகள் குரல் தெரியாதா என்று ஒரு செல்லம்.

பிறகு போட்டுக் கேட்டேன். கொஞ்சாத என் குரல் கனமாக, புதிதாக இருந்தது. யார் இவள் என்று முதலில் கூச்சமாக இருந்தது. மூன்றாவது முறை கேட்டபோது அவளை எனக்குப் பிடித்துப்போனது.

மூன்று மாதம் கழித்து அதே கேசட் திரும்பி வந்தது. உம்மாவும் நானும் உட்கார்ந்து கேட்டோம்.

"ரெண்டாவது பக்கத்துல வேற யாரோ வீட்டுப் பொம்பளப்புள்ள பேசுது" என்றார் வாப்பா. "தெரியாம பதிஞ்சிட்டாவ போல. இங்க ஆம்பளைய இத்தன பேரு உக்காந்திருக்கோம், அடுத்த வீட்டுப் புள்ள பேச்சக் கேக்கது மரியாதையில்லன்னு ஒரு வார்த்தையோட நிறுத்திட்டேன். அத அழிச்சிட்டு அதுக்கு மேலதான் இப்பம் பேசுதேன். முஃபீதா ஏன் பேசல? எம்புள்ளக்கி என் மேல கோவமா?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயாளா பேசுன?"

"அது நாந்தான்னு வாப்பாகிட்ட சொல்லும்மா."

"சொன்னா வெக்கத்துல செத்துருவாரு. வயசுக்கு வந்த மக குரல அறையே கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்ல?" திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் தலையைத் தடவினாள். "பழைய மாதிரி ஒருக்கா பேசிருளா. மனுசன் கெடந்து தவிக்காரு."

பேசிப் பார்த்தேன். சின்னக் குரல் வரவில்லை. இரண்டு முறை முயன்றேன், குரல் உடைந்தது. மூன்றாவது முறை அழுதுவிட்டேன்.

உம்மா எழுந்து போய் அடுத்த வீட்டு சபீதாவைக் கூட்டி வந்தாள். அவளுக்கு ஏழு வயது. என்ன பேச வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "வாப்பா, நான் முஃபீதா பேசுதேன். ஒங்க மேல எனக்குக் கோவமே இல்ல" என்று அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மிட்டாய் கேட்டாள்.

அடுத்த கேசட்டில் வாப்பா தேம்பி அழுதார். "இதுதான் எம்புள்ள. கொஞ்சமும் மாறல" என்றார். பின்னால் ஆண்கள் சிரிப்பது கேட்டது. உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூடவே ஒரு கவுனும் வந்திருந்தது, அதே ரோஸ் கலரில். சபீதாவுக்குப் போட்டுப் பார்த்தோம். அளவு சரியாக இருந்தது.