நான்காவது முறையும் தருகிறேன் என்றார்

...மாதுளைப் பூ ஒன்று தேநீருக்குள் விழுகிறது, எடுத்துப் போடவா விடவா என்று செண்பகவல்லி யோசிப்பதற்குள் நுஸ்ரத் ஆகா நெஞ்சில் கை வைத்து, பூவும் உங்களுக்குத்தான், மரமும் உங்களுக்குத்தான் என்கிறார், எத்தனை வருடம் ஆகிவிட்டது, கோவில்பட்டியில் மின்விசிறி நின்றுபோகும் மதியங்களில் கண்ணை மூடினால் போதும், ஈரானில் யஸ்த் நகரத்து மண்சுவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடுகிறாள், அங்கே ஒரு பழைய வணிகர் மாளிகையை ஓட்டலாக மாற்றிக்கொடுக்கப் போயிருந்தாள், தனிப் பொறுப்பில் கிடைத்த முதல் வேலை, காற்றை வீட்டுக்குள் இறக்கும் கோபுரம், நீலத் தொட்டி, தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக வெயிலைச் சிந்தும் கண்ணாடிச் சன்னல்கள், எல்லாம் இருந்தது, இரண்டாவது வாசல்தான் இல்லை. இருந்த ஒரே வாசலும், எதிரே ஆள் வந்தால் பல்லியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துக்குள், தீப்பிடித்தால் விருந்தாளிகள் எப்படி ஓடுவார்கள், இன்னொரு வழி காட்டாவிட்டால் அனுமதி கிடையாது என்று நகரசபையில் சொல்லிவிட்டார்கள், அனுமதி இல்லையென்றால் ஓட்டல் இல்லை, அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கதவு வைக்கத் தோதாக இருந்தது பக்கத்து வீட்டுப் பொதுச் சுவர் மட்டும், அதற்கு அந்தப் பக்கம் இந்த மாதுளை முற்றம், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் நுஸ்ரத் ஆகாவுடையது, ஆகா என்றால் அங்கே ஐயா.

கூட வேலை பார்த்த பொறியாளர் பர்வானே முன்னாலேயே எச்சரித்திருந்தாள், எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் எடுத்துக்கொள் என்பார்கள், அது மரியாதை, டாக்ஸிக்காரர்கூடக் காசு வேண்டாம் என்பார், மூன்று முறை மறுத்துவிடு, அப்புறமும் தருகிறேன் என்றால் அது மனசிலிருந்து வருவது. செண்பகவல்லி இதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டாள், உங்கள் முற்றத்துப் பக்கம் ஒரு கதவு இருந்தால் எவ்வளவு வசதி என்றாள், வீடே உங்களுடையதுதானே என்றார் அவர், ஐயோ வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள், அது முறையில்லை, எங்களுக்குப் பெருமை, உங்களுக்கு எதற்குச் சிரமம், சிரமமா, என் கண்மேல் காலை வைத்து நடங்கள், அடடா, நான்காவது முறை சொல்லிவிட்டார்! அவள் அவ்வளவு அழகாக மறுத்ததில் அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோய், இப்படிப்பட்ட பெண்ணிடம் ஒரு படி குறைந்தா போவது என்று மரியாதைக்குத்தான் நான்காவது முறையும் சொன்னார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வரைந்தாள், மாதுளை மரம் நின்ற இடத்தில் விருந்தாளிகளுக்கு நல்ல அகலமான நடைபாதை.

விரித்த வரைபடத்தின்மேல் குனிந்த நுஸ்ரத் ஆகா, பிரமாதம், கண் பட்டுவிடும் என்றார், கண்கள் மட்டும் மரத்தையே பார்த்தன, அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி துரான் மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, இதில் நான் துணி காயப்போடும் கொடி எங்கே என்று கேட்டாள், பர்வானே நெற்றியில் அடித்துக்கொண்டாள், செண்பகவல்லிக்கு எல்லாம் விளங்கி முகம் தீயாக எரிகிறது, மன்னித்துவிடுங்கள் மன்னித்துவிடுங்கள் என்று சுருட்டிக்கொண்டு எழுகிறாள், வாசலில் வாய்ப் பழக்கத்தில், தன் அரைகுறைப் பாரசீகத்தில், போய்விட்டு வருகிறேன் என்கிறாள். போனில் அம்மா சிரிசிரியென்று சிரித்தாள், ஏட்டி, அடுத்தவுக வீட்டுக்குள்ள ரோடு போடப் போனியாக்கும், கூறு கெட்டவளே, வேலை போனா போகுது, வந்து சேரு.

வேலை போனால் போகட்டுமா, இந்த வீட்டை அவள் காதலித்துத் தொலைத்திருந்தாளே, சாயங்காலம் நீலத் தொட்டி ஓரம் உட்கார்ந்து முதலாளியிடம் என்ன சொல்வது என்று குமைந்துகொண்டிருந்தாள், கதவு தட்டும் சத்தம், நுஸ்ரத் ஆகா தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், வருகிறேன் என்றீர்களே, சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, விரிப்பை விரித்துவிட்டு துரான் தானும் சாப்பிடாமல் என்னையும் தொடவிடாமல் உட்கார்ந்திருக்கிறாள், பசிக்கிறது மகளே, சீக்கிரம் வாருங்கள். போனாள், குங்குமப்பூச் சோறும் ஆவி பறக்கும் குழம்பும் காத்திருந்தன, தட்டுத்தடுமாறி விளக்கினாள், எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்லமாட்டோம், ஒரேயடியாகப் போவது மாதிரி ஆகிவிடும், திரும்பி வராவிட்டாலும் வருகிறேன் என்றுதான் சொல்வோம். துரான் முக்காடு நழுவுகிற அளவுக்குச் சிரித்தாள், அடி கள்ளி, நீங்களும் எங்கள் ஆட்கள்தானா, நான் உன்னை நம்பி ஆட்டுக்கறியெல்லாம் வாங்கிவரச் சொன்னேனே என்று அவள் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள், நுஸ்ரத் ஆகா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

அப்புறம் துரான் ஒரு அகப்பை சோற்றை அவள் தட்டில் தள்ளிக்கொண்டே, இவர் தருகிறேன் என்றது மரியாதைக்கு, நான் சொல்வது மரியாதைக்கு இல்லை, கேட்டுக்கொள், மரத்தைத் தொடாதே, கொடியைத் தொடாதே, அடுப்படிப் பக்கச் சுவரில் ஒரு கதவு வைத்துக்கொள், தீப்பிடித்தால் எல்லாரும் அது வழியாக ஓடி வரட்டும், மற்ற நாளில் நீ மட்டும் வா, சாப்பிட வா, என்றாள். ஐயோ வேண்டாம் என்று சொல்லத்தான் செண்பகவல்லியின் வாய் பழகிப்போய்த் திறந்தது, சட்டென்று ஒரு வாய்ச் சோற்றை எடுத்து அதை அடைத்துக்கொண்டாள், மென்று விழுங்குவதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது, ஒரு தடவைகூட மறுக்காமல், தாருங்கள் அம்மா, என்றாள்.