நான்காம் பக்கம்

"உன் ஃபைல் ஏன்டா பதினாலு பக்கம் இருக்கு?" என்று மேலாளர் ரகுபதி கேட்டபோது, சின்னராசு சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. குழி மட்டும் ரசத்துக்காகக் காத்திருந்தது.

"எனக்கெல்லாம் ஆறு பக்கம்தான் வந்துச்சு. நீ என்ன, வீட்டுப் பத்திரத்தையும் சேத்து ஏத்திட்டியா?"

"செமஸ்டர் மார்க் ஷீட் எட்டு இருக்கு சார்."

"எட்டு. டிகிரி ஒண்ணு, டென்த்து, ப்ளஸ் டூ. பதினொண்ணு." ரகுபதி அப்பளத்தை நொறுக்கினார். "மீதி மூணு?"

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் வெள்ளிக்கிழமை மதியக் கூட்டம். பக்கத்து மேசையில் யாரோ தே தாரிக் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார்கள். சின்னராசு மனசுக்குள் விரல் மடக்கினான். நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று. முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்று. இரண்டுக்கும் நடுவில்...



நடுவில் இருந்தது சாதிச் சான்றிதழ். தாசில்தார் கையெழுத்து, கோபுர முத்திரை, தெளிவான எழுத்து. கோப்பில் நான்காம் பக்கம்.

இதை அவன் வேண்டுமென்று வைக்கவில்லை. வேண்டாமென்று எடுக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பும் கைக்கு அந்தத் தாளைச் சேர்ப்பது தும்மல் மாதிரி, தானாக வரும். உதவித்தொகைக்கு, விடுதிக்கு, பேருந்து அட்டைக்கு, எல்லாவற்றுக்கும் அது ஒரு நகல். கலந்தாய்வு நாளில் அம்மா பிளாஸ்டிக் உறையில் எந்த வரிசையில் அடுக்கித் தந்தாளோ, அதே வரிசை இன்றுவரை கலையவில்லை. நேற்று அந்த உறையை அப்படியே ஜாலான் புசாரில் நகலெடுக்கும் நூருல் அமீனிடம் கொடுத்தான். அவரும் "எல்லாமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தார். "எல்லாம்" என்று இவன் கைப்பேசியைப் பார்த்தபடி சொன்னான்.

மாட்டிக்கொள்வதற்கு இதைவிட நல்ல வாரம் அவனுக்கு வாய்த்திருக்காது. நிறுவனம் மின்தூக்கிப் பராமரிப்புக்கு மென்பொருள் எழுதுகிறது. அவனுடைய இரண்டு வருட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்க, மேலாளர் சான்றிதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து மின்கையொப்பம் போட வேண்டும். கெடு இன்று மூன்று மணி. கையொப்பம் இல்லையென்றால் வேலை அனுமதி இல்லை. வேலை அனுமதி இல்லையென்றால் விமானம்.

"சாப்பிட்டுப் போய் உன் ஃபைலத்தான் பாக்கணும்" என்றார் ரகுபதி.

ரகுபதி கெட்டவர் இல்லை. இரண்டு வருடமாக அவனை "டா" போட்டுத்தான் கூப்பிடுகிறார், அவனுடைய கோடிங்கை மற்றவர்களுக்குக் காட்டிப் பெருமைப்படுகிறார், வெள்ளிக்கிழமைகளில் சாப்பாடு வாங்கித் தருகிறார். சாப்பாட்டோடு கருத்தும் தருவார். அதை வேண்டாமென்று சொல்ல இலையில் இடமில்லை.

"நம்ம ஊர் ஏன் உருப்படலை தெரியுமா? கோட்டா. எழுபத்தஞ்சு வருஷமா ஊன்றுகோல் குடுத்தா எவன்டா நடப்பான்? இங்க பாரு, மெரிட். திறமை இருக்கா, வா. இல்லையா, போ."

திறமை இருந்ததால் ரகுபதி இந்த நிறுவனத்துக்கு வந்தார். அவருக்குத் திறமை இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் இங்கே ஏற்கெனவே வேலை பார்த்த அவருடைய மச்சான். சென்னையில் பொறியியல் படித்தது மேனேஜ்மென்ட் கோட்டாவில். அது கோட்டாவில் சேராது, அப்பா கட்டிய நன்கொடையில் சேரும். இங்கே அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு இனத்துக்கும் இத்தனை வீடு என்று அளவு உண்டு; ஜூரோங்கில் இவர் வீடு வாங்கியபோது அந்த பிளாக்கில் சீனர்களுக்கான அளவு நிரம்பியிருந்தது. மலாய்க்கார உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாமல், இவருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தார். "அது கோட்டா இல்லடா, சோஷியல் ஹார்மனி" என்று ரகுபதி அப்போது விளக்கியிருந்தார்.

"சார், வயிறு ஒரு மாதிரி இருக்கு. முன்னாடி போறேன்" என்று சின்னராசு எழுந்தான்.

"ரசத்தக் குடிச்சிட்டுப் போடா, சரியாயிடும்."

அவன் அதற்குள் கைகழுவும் இடத்தில் இருந்தான்.

சிராங்கூன் சாலையைக் கடக்கும்போதே மனிதவளப் பிரிவின் நிரஞ்சனாவை அழைத்தான். அவள் எடுக்கவில்லை. சிக்னலில் சிவப்பு மனிதன் பச்சையாகிற வரை இன்னும் மூன்று தடவை அழைத்தான். ரகுபதி இலையை மடிப்பார், கோப்பி சொல்வார், கோப்பி வரும், குடிப்பார். பதினைந்து நிமிடம். சூடாக இருந்தால் இருபது. ஆண்டவா, கோப்பி சூடாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். வாழ்க்கையில் ஒருவன் கடவுளிடம் கேட்கிற விஷயங்களுக்கு ஒரு தரம் வேண்டாமா என்றும் தோன்றியது.

இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அலுவலகம். நிரஞ்சனா மேசையிலேயே மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயே பிறந்தவள். அவளுடைய பாட்டன் ஏறி வந்த கப்பலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என் ஃபைல திருப்பி அனுப்ப முடியுமா, அக்கா? ஒரு கரெக்‌ஷன்."

"கேன், முடியும். பட் reason போடணும்லா. என்ன தப்பு?"

"ஒரு பக்கம் கூடுதலா இருக்கு."

"எது?" அவள் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் நின்றாள். "ஓ, இதுவா? காலைலயே பாத்தேன். மேல Community-ன்னு இருந்துச்சா, community work-க்குக் குடுத்த செர்டிஃபிகேட்டுன்னு நெனச்சேன். நல்ல பையன்னு உன் புரோஃபைல்ல note கூட போட்டேன்."

"அய்யோ, அத எடுத்திருங்க."

"அப்போ என்ன இது?"

சின்னராசு வாசலைப் பார்த்தான். பிறகு குனிந்து, விலைமாதரை விசாரிப்பவன் போல ஒரு குரலில், "ஜாதி" என்றான்.

நிரஞ்சனா திரையை இன்னொரு தடவை படித்தாள். "கவர்மென்டே எழுதிக் குடுக்குமா? சாப், முத்திரையெல்லாம் வச்சு?"

"அது இருந்தாத்தான் சீட்டு."

"எங்க வீட்டுல யாருக்கும் ஜாதி தெரியாதுப்பா. கல்யாணப் பேச்சு வந்தா மட்டும் எப்படியோ எல்லாருக்கும் ஞாபகம் வந்துடும்." அவள் பொத்தானை அழுத்தினாள். "அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது" என்றான் சின்னராசு. "அதான் பயமா இருக்கு. திட்ட மாட்டார். தள்ளி வைக்க மாட்டார். இனிமே நான் எழுதுற ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை பாப்பார். அவ்ளோதான்."

நிரஞ்சனா நான்காம் பக்கத்தை நீக்கி, பதின்மூன்று பக்கங்களாக மறுபடி ஏற்றினாள். மணி இரண்டு பத்து. ரகுபதி படியேறி வரும் சத்தம் கேட்டது. கோப்பி சூடாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டே முக்காலுக்கு ரகுபதி அறைக்குள் கூப்பிட்டார். நிரஞ்சனா சாட்சியாக ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"பதினாலுன்னு பாத்தேனே. இப்ப பதிமூணு?"

"டூப்ளிகேட் சார். நான்தான் எடுத்தேன்" என்றாள் நிரஞ்சனா, கண்ணை உயர்த்தாமல்.

ரகுபதி மார்க் ஷீட்டுகளைத் தள்ளத் தள்ள அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா நிரஞ்சனா? கிராமத்துப் பையன். அப்பா கூலி. முதல் தலைமுறைப் பட்டதாரி. எவன் தயவும் இல்லாம வந்திருக்கான். இவன மாதிரி நாலு பேரக் காட்டினாப் போதும், கோட்டா கோட்டான்னு கத்துறவன் வாய மூடுவான்."

சுட்டி கையொப்பக் கட்டத்தின் மேல் போய் நின்றது. சின்னராசு அந்த அம்புக்குறியையே பார்த்தான். இன்னும் ஒரு சொடுக்கு. ஒரே ஒரு சொடுக்கு.

"நல்லவேளை ஞாபகம் வந்துச்சு." ரகுபதி சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்துல பட்டிமன்றம். 'இடஒதுக்கீடு இனியும் வேண்டுமா?' நான் வேண்டாம் அணி. உன்னத்தான் உதாரணமாச் சொல்லப் போறேன். போட்டோ போட்டு ஸ்லைடே ரெடி பண்ணிட்டேன். ஃபேஸ்புக்ல லைவ் வரும், உங்க அம்மாவப் பாக்கச் சொல்லு. ஒரே ஒரு டீடெய்ல் வேணும். நீ ஓப்பன்லதானே வந்த?"

அம்மா பார்ப்பாள். அதுதான் சிக்கல். தங்கை அமலா இந்த வருடம் கலந்தாய்வுக்குப் போகிறாள். அம்மா அவளுக்கும் பிளாஸ்டிக் உறை வாங்கி, அதே வரிசையில் அடுக்கிவைத்திருக்கிறாள். அண்ணன் எவன் தயவும் இல்லாமல் வந்தவன் என்று சிங்கப்பூரில் கைதட்டுவதை இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். தெருவில் இருக்கிற மற்றவர்களும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, அந்த உறையை என்ன செய்வது என்று அமலா கேட்டால்?

இதுவரை அவன் பொய் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்தான், அவ்வளவுதான். இப்போது வாயால் சொல்லச் சொல்கிறார்கள். அதுவும் ஒலிபெருக்கியில்.

தலையாட்டினால் போதும். தலை ஆடவில்லை. வாய்தான் திறந்தது.

"இல்ல சார். எஸ்.சி. கோட்டா."



"ஓ" என்றார் ரகுபதி. கொஞ்ச நேரம் கழித்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "நான் அதெல்லாம் பாக்குற ஆளில்ல" என்றார். சொல்லிக்கொண்டே சுட்டியைப் பிடித்துப் பின்னால் போனார். பதின்மூன்று, பன்னிரண்டு, ஏழு, இரண்டு. ப்ளஸ் டூ மார்க் ஷீட்டில் நிறுத்திப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். எண்கள் தனித்தனி மனிதர்களைப் போலத் திரையில் நின்றன.

"கணக்குல நூத்தித் தொண்ணூத்தாறா?"

"ஆமா சார்."

"எப்படி?"

"எழுதினேன் சார்."

நிரஞ்சனாவின் பக்கமிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ரகுபதி அதைக் கவனிக்கவில்லை. "இல்ல, நிரந்தரம்னா பெரிய முடிவு. ஆறு மாசம் extension குடுத்துப் பாக்கலாமான்னு..."

"கேன் சார்" என்றாள் நிரஞ்சனா. மணி பார்த்தாள். இரண்டு ஐம்பத்தாறு. "பட் ஒத்திப்போட்டா கட்டாயம் காரணம் எழுதணும். ஐம்பது எழுத்துக்குக் குறையாம. இல்லன்னா சிஸ்டம் எடுத்துக்காது. நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்."

விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பார்த்தாள்.

ரகுபதி யோசித்தார். உதட்டைக் குவித்தார். கூரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முப்பது நிமிடம் பேசப் போகிறவருக்கு ஐம்பது எழுத்து கிடைக்கவில்லை. சின்னராசுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மணி இரண்டு ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. காரணம் எந்த நேரமும் பிறந்துவிடும் என்று அவன் பயந்தான். பிறக்காத காரணம் உலகத்தில் உண்டா?

ஐம்பத்தொன்பதில் ரகுபதி கையொப்பத்தைச் சொடுக்கினார். "வாழ்த்துகள். நீங்க போகலாம்."

இரண்டு வருடத்தில் முதல் "நீங்க".

வெளியே வந்ததும் நிரஞ்சனா மெதுவாக, "சாதிச்சுட்டலா. இப்ப சிரி" என்றாள். அவன் சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை.

நான்கு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. ரகுபதி. மின்தூக்கி நடுவழியில் நின்றால் எச்சரிக்கை அனுப்பும் நிரலை சின்னராசு போன வருடம் எழுதியிருந்தான். இதுவரை ஒருமுறைகூடப் பிழை காட்டாத நிரல். அதை வேறொருவர் மறுபரிசீலனை செய்தால் நல்லது என்று எழுதியிருந்தது. வழக்கமான நடைமுறைதான், தனிப்பட எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கடைசி வரியில் இருந்தது. இதுவரை வழக்கத்தில் இல்லாத நடைமுறை அது.

"சரி சார்" என்று பதில் போட்டான். அமலாவுக்கு, உறையில் எதையும் எடுக்காதே என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். பிறகு அந்த நிரலைத் திறந்தான். ஆயிரத்து நாற்பது வரி. அதில் தப்பு இல்லை என்று அவனுக்குத் தெரியும். நேற்றுவரை தெரியும்.

முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.