அடுப்புக்கு இடப்பக்கம்

1.

இந்தக் கதை ஒரு முன்பதிவில் பிறந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இதில் நானாக உட்கார்ந்து யோசித்தது எதுவும் இல்லை. மார்ச் மாதக் காலை ஒன்றில் ஹிபு யாமிங் என் வீட்டுக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்து, கைபேசியை என் தேநீர்க் கோப்பைக்கு மேலாக நீட்டினாள்.

"மாஸ்டர், இதக் கொஞ்சம் படிங்க. கிண்டலா சண்டையான்னு எனக்குப் புரியல."

யாமிங் வடகிழக்கு மலைப்பகுதியில், ஹாங் கிராமத்தில் தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறாள். அதற்கான பக்கத்தை இணையத்தில் போட்டுக் கொடுத்தவன் நான். அதில் ஒரு பதிவு வந்திருந்தது. பெயர், புரா ரின்யோ. ஊர், ஹிஜா. ஆட்கள், ஒருவர். நாட்கள், மியோகோ திருவிழாவின் முதல் நான்கு நாள். சிறப்பு வேண்டுகோள் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: 'அடுப்புக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். நடுவில் யாரும் எழுப்பக் கூடாது.'

ஹிஜா ஹாங்கிலிருந்து வண்டியில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைக் கடந்து யாமிங்கின் வீட்டுக்கு ரின்யோ வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

2.

எப்படித் தொடங்குவது என்று பல நாள் மல்லாடினேன்.

'பைன் மரங்களின் மேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த...' [வேண்டாம். இந்த ஸீரோ பள்ளத்தாக்கில் பத்தொன்பது வருஷமாக வாத்தியாராக இருக்கிறேன். மூடுபனி என்றால் துணி காயாது என்பதற்கு மேல் இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.]

'பீச் மரங்கள் பூத்துக் குலுங்கிய அந்த...' [பூத்தது உண்மைதான். யாமிங் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததைக் கதையில் வைத்து என்ன செய்ய?]

சரி, நடந்ததிலிருந்தே வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பும் ஹாங்கில்தான் மியோகோ. (திருவிழா ஊர் மாற்றி ஊர் போகும். ஹாங்கின் முறை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. முறை வந்த ஊரில் வீட்டுக்கு வீடு கதவு திறந்திருக்கும், மற்ற ஊர்களிலிருந்து பூனிகள் வருவார்கள். பூனி என்பது குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் வழிவழியாக வரும் நட்பு. நாம் தேடிப் பிடிப்பதல்ல. அண்ணன் தம்பி போல, பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறது. சண்டையும் அப்படியே.)

யாமிங்குக்கும் ரின்யோவுக்கும் பூனி உறவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்ற உறவும் உண்டு. ரின்யோ இப்போது மருத்துவமனையில் செவிலி. அன்றைக்கு வேலை முடிந்த கையோடு, பஞ்சு அடைத்த நீல ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து அடுப்புக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். எப்போதும் அவள் குடும்பத்தார் உட்காருகிற இடம் அது. அந்த வருஷம்தான் யாமிங் முதன்முதலாக விருந்தினர் எடுத்திருந்தாள். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த ஆறு பேர் அடுப்பைச் சுற்றி முழங்கால் வலிக்க உட்கார்ந்திருந்தார்கள். புகை, பன்றி இறைச்சி, மூங்கில் குவளையில் அரிசிக் கள். அப்போது மும்பையிலிருந்து வந்த புகைப்படக்காரர் ஒருவர் ரின்யோவிடம், "கொஞ்சம் தள்ளிக்கோங்க. உங்க ஜாக்கெட் படத்துல விழுது. பழங்குடி மாதிரியே இல்ல" என்றார்.

ரின்யோ யாமிங்கைப் பார்த்தாள். யாமிங் இடுக்கியால் கறியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை திருப்பினாள்.

ரின்யோ குவளையைக் கீழே வைத்தாள். "டூட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து ஹிஜாவின் முறை வந்தது. யாமிங் புகையில் வாட்டிய கறியோடு போனாள். ரின்யோவின் அண்ணன் வாசலுக்கு வந்து அழைத்தார், குவளை வந்தது, கறியில் பங்கு வந்தது, மரியாதையில் ஒரு குறை இல்லை. ரின்யோ மட்டும் வேலை நாளை மாற்றிக்கொண்டு மருத்துவமனையில் இருந்தாள். ஒரு குறையும் இல்லாமல் நடந்த அந்த மரியாதைதான் யாமிங்கை வழியெல்லாம் சுட்டது.

3.

இவ்வளவும் எழுதி யாமிங்குக்கு வாசித்துக் காட்டினேன். தமிழில் எழுதியதை அவள் மொழியில் சொல்லிக்கொண்டே போனேன். அவள் மூங்கில் குருத்தை நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஓரிடத்தில் கத்தி நின்றது.

"யாரு மாஸ்டர் அந்த மும்பைக்காரரு?"

"புகைப்படக்காரர்."

"வந்த ஆறு பேரும் கவுஹாத்தி. அதுல படம் எடுக்கறவன் எவனும் இல்ல."

நான் தாளைப் புரட்டினேன். அடுத்த பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"படம் எடுத்தது நீங்க. வெப்சைட்டுல போடணும்னு எடுத்தீங்க. தள்ளிக்கோன்னு சொன்னதும் நீங்கதான்."

ஆமாம். நான்தான். ஹபோலி கடைவீதியில் ரின்யோ வாங்கிய அதே கடையில் வாங்கிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அவள் பிறந்த மண்ணில் நின்று, பழங்குடி மாதிரி இல்லை என்று சொன்னவன் நான். மேலே இருக்கும் வரியை அடிக்கவில்லை. கிடக்கட்டும். பொய் சொல்ல வேண்டும் என்றால் நான் யாரை இழுத்து விடுவேன் என்று வாசகருக்கும் தெரியட்டும்.

யாமிங் கத்தியை மறுபடி எடுத்தாள். "என்னையும் சரியா எழுதுங்க. கறி திருப்பினேன்னு விட்டுட்டீங்க. அது எப்பவோ வெந்து போச்சு. அவ மூஞ்சியப் பாக்க முடியாம சும்மா திருப்பிட்டிருந்தேன்."

4.

முன்பதிவு வந்த காலைக்குத் திரும்புகிறேன்.

யாமிங் பதில் எழுத உட்கார்ந்தாள். நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினாள், அழித்தாள். 'உனக்கு எதுக்குடி ரூம்' என்று எழுதினாள், அதையும் அழித்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு துளி... [இதைக் கேட்டதும் குறுக்கே வந்தாள்: "அழவெல்லாம் இல்ல. அன்னிக்கு எனக்குச் சளி."]

அவள் கணவன் கோஜின் எட்டிப் பார்த்தான். "நம்ம பூனிக்கே அறை வாடகையா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவ என்னைக் கூப்பிட வைக்கல பாரு. தானே வரேங்குறா."

"திட்ட வர்றாளோ என்னவோ."

"அதுக்கும் நேர்லதானே வரணும்?"

அந்த நாட்களுக்குக் கொல்கத்தாவிலிருந்து இரண்டு தம்பதிகள் பதிந்திருந்தார்கள். யாமிங் அவர்களிடம் பேசி, பக்கத்து வீட்டில் இடம் ஏற்பாடு செய்துகொடுத்தாள். பிறகு ரின்யோவின் பதிவுக்கு நேராக இருந்த 'உறுதி' என்ற பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினாள். லேசாகத் தொட்டாலே போதும். அவள் அமுக்கிய அமுக்கில் திரை உடையாதது ஆச்சரியம்.

5.

ரின்யோ டாக்ஸியில் வந்தாள்.

சொந்த ஸ்கூட்டி வைத்திருக்கிறவள், கால் மணி நேரத் தூரத்துக்கு டாக்ஸி வைத்து, சக்கரப் பெட்டியோடு, கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டு இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது, வெயிலே இல்லை. தெருவில் வேறு வேறு வீடுகளுக்குக் கறி சுமந்து போனவர்கள் சுமையோடு நின்றுவிட்டார்கள். யாமிங் வாசல் ஏணிப்படியின் மேல் நின்றாள்.

ரின்யோ கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டாள். "இங்க பழங்குடிங்க இருக்காங்கன்னு சொன்னாங்க. எங்க பாக்கலாம்?"

"இப்பத்தான் ஒருத்தி டாக்ஸில வந்து இறங்கினா."

தெருவில் யாரோ களுக்கென்றார்கள். இருவர் முகத்திலும் ஒரு கோடுகூட அசையவில்லை.

"பதிவு பண்ணிருக்கேன். வேண்டுகோளப் படிச்சீங்களா?"

"படிச்சோம். இடம் மூணு வருஷமா காலியாதான் இருக்கு."

ரின்யோ தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள். விறகு அடுக்குவதுபோல ஓரமாக நின்றிருந்தேன்.

"நீங்க உள்ளூரா?"

"இல்ல. தமிழ்நாடு."

"ஓ, நீங்களும் சுத்திப் பாக்க வந்தவரா?"

"ஆமா. பத்தொன்பது வருஷமா பாத்துட்டிருக்கேன்." பிறகு, வாரக்கணக்கில் மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோக, "ரின்யோ, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அசிங்கம்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

"தப்புதான்" என்றாள். "பெட்டியத் தூக்குங்க."

தூக்கினேன். உள்ளே துணி ஒன்றும் இல்லை என்று எடையே சொன்னது. ஹிஜாவிலிருந்து மூன்று வருஷப் பங்கையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தவளைப்போல, பெட்டி நிறையக் கறியும் அரிசியும் கள் குடுக்கைகளும். ஏணிப்படியில் ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

6.

இனி முடிவு.

இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். நான் பெட்டியோடு வாசலிலேயே நின்றேன். அடுப்பில் விறகு வெடிப்பது மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு ஒரு சிரிப்பு. கீழே கறியோடு நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு, அடக்கி வைத்து வெடித்த சிரிப்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அப்புறம் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. கோஜின் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்கு லேட்டாகும்" என்றான்.

நான்கு நாள் என்று பதிந்தவள் ஒன்பது நாள் இருந்தாள். போகும்போது எங்கள் இணையப் பக்கத்தில் விமர்சனமும் எழுதினாள்: 'உணவு நன்று. வீட்டுக்காரி அதிகம் பேசுகிறாள். தூங்க விடவில்லை.'

இந்த அளவுக்கு எனக்குத் தெரியும். முதலில் சிரித்தது யார் என்று மட்டும் தெரியாது. குரலை வைத்துச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துப் பழகிய குரல்கள், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதலில் சிரித்தவள் தோற்றவள் என்று இருவரும் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். "அவதான். தொப்பியக் கழட்டினா, முடி கோழிக்கூடு மாதிரி நின்னுது, தானே சிரிச்சுட்டா" என்கிறாள் யாமிங். "பொய். அவ உதடு வாசல்லயே துடிச்சிட்டிருந்துச்சு" என்கிறாள் ரின்யோ. கோஜினைக் கேட்டேன். "நான் இந்த ஊர்ல வாழணும் மாஸ்டர்" என்றான்.

யாமிங் சிரித்ததாக ஒரு முடிவு எழுதினேன். ரின்யோ சிரித்ததாக ஒன்று. இரண்டும் சேர்ந்தே வெடித்ததாகவும் ஒன்று எழுதினேன், ஆனால் அதைக் கேட்டதும் இருவருமே முகத்தைச் சுளித்தார்கள். அதனால் இடத்தைக் காலியாக விடுகிறேன்.

முதலில் சிரித்தது ______________.

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதினால் நல்லது. அந்த வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் வாங்கிப் பார்ப்பார்கள், ஆளுக்கொரு முறை அழிப்பார்கள்.