மெல்லாமல் விழுங்கியவள்

1
இந்தக் கதையில் மாடு வருவதாகவே இல்லை. இலைதழை தின்ற ராட்சத டைனோசர்கள் உணவை மெல்லாமல் அப்படியே விழுங்கின என்று படித்தேன். அதில் பிடித்தது சனி. மெல்லாத வாய்க்குப் பெரிய தாடை எதற்கு? தலை சிறுத்தது, அதனால் கழுத்து நீள முடிந்தது. நின்ற இடத்திலிருந்தே மரம் மரமாக மேய்ந்து, வயிற்றில் போட்டுப் பல நாள் ஊறவிட்டன. வயிறு பெருக்கப் பெருக்க உடம்பும் பெருத்தது.

சரி, அவ்வளவு இலையும் புளித்தால் காற்று எங்கே போகும்? இந்தக் கேள்வி என்னை உட்காரவிடவில்லை.

2
‘பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டில்...’ (வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

‘அந்த மிருகம் கழுத்தைத் தூக்கி...’ (தூக்கி? தின்றது. மறுபடியும் தின்றது. கதை எங்கே?)

3
ஆகவே 1979, பாகூர், மாட்டுப் பொங்கல். தனக்கொடிக்குப் பிள்ளை இல்லை. ஒரு செவலைப் பசு உண்டு, நிறைசினை. (பிள்ளை இல்லை என்பது மலிவான உத்தி. இருக்கட்டும்.) படைத்த பொங்கலை அள்ளி ஊட்டினாள். பசு இன்னும் கேட்டது. பானையையே முன்னால் வைத்துவிட்டாள். பாசம்தான், வேறென்ன.

குழைந்த சோற்றில் மெல்ல என்ன இருக்கிறது? பசு என் டைனோசரைப் போலவே விழுங்கியது. டைனோசர் தின்றது முரட்டு இலை, மெதுவாக ஊறும். சோறு மளமளவென்று புளித்தது. மதியத்துக்குள் இடப்பக்கம் உப்பி, அசைபோடுவதும் நின்றுவிட்டது.

4
“மாட்டு டாக்டரு லீவாம்” என்று திரும்பி வந்தான் புருஷன் ஆதிமூலம். மளிகைக்கடை காஜா மொய்தீன், சாத்திய கடையைத் திறந்து ஆப்பசோடா கொண்டுவந்தார்.

“தண்ணில கரைச்சு ஊத்தும்மா. படுக்க மட்டும் வுடாத.”

(டைனோசரின் எலும்புகளுக்குள் காற்றறைகள் இருந்தன. அதனால் அத்தனை பெரிய உடம்பும் கனம் குறைந்து...)

“இன்னாய்யா எழுதிக்கினு இருக்கற?” தனக்கொடி என்னைத்தான் கேட்கிறாள். “செத்துப்போன மிருகம் எப்பிடி வளந்தா எனக்கு இன்னா? என் மாடு பொழைக்குமா, அத்த சொல்லு.”

5
முதல் முடிவில் பசு பெரிதாக ஏப்பம் விடுகிறது, கன்றும் போடுகிறது. படித்துப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவதில் குழி தோண்டுகிறார்கள். ஊட்டிய கையை அவள் திரும்பத் திரும்ப... இதற்குமேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

தனக்கொடி இப்போது பசுவின் விலாவில் காதை வைத்திருக்கிறாள். உள்ளே இரைச்சல் கேட்டால் பிழைத்தது. ஆதிமூலத்தை மூச்சுவிடக்கூட விடவில்லை.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் சரி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.