வாஷருக்கு அடியில்

மூன்றாவது முறை எண்ணெய் விட்டும் போல்ட் அசையவில்லை. அது அசையாமலே இருக்க வேண்டும் என்று அந்தக் கொட்டகையில் வேண்டிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

மெக்கானிக் தரையில் கன்னம் பதியப் படுத்திருந்தார். சைலன்சருக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான்.

"இந்த எடத்துல போல்ட்டு வச்ச மகராசன் கையில கெடச்சா, அவனையே கையை விட்டுக் கழட்டச் சொல்லணும்."

அண்ணி சிரித்தாள். எட்டு மாதமாக அவன் கேட்காத சிரிப்பு. அண்ணன் விழுந்து செத்த வண்டி. வேலைக்குப் போய்வர அதுவே போதும் என்று அவள் சொன்னபோது, விற்றுவிடலாம் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "ரோட்டுல மணல் கெடந்ததுக்கு வண்டி என்ன பண்ணும் தம்பி?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

டார்ச் அவன் கையில் இருந்தது. பின் பிரேக் தட்டைச் சுழலாமல் பிடித்திருக்கும் கம்பியின் போல்ட் அது. தளர்ந்தால், பிரேக்கை மிதிக்கும்போது தட்டு புரண்டு சக்கரத்தைக் கவ்விவிடும். விபத்துக்கு முந்தின நாள் அண்ணனுக்குத் தெரியாமல் அவன்தான் அதை முடுக்கினான். மறுபக்கத்திலிருந்து கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாமல், விரல் சொன்னபடி நான்கு முறை கால் கால் சுற்றாகத் திருப்பினான். முதலில் கெட்டியாக இருந்தது; பிறகு லேசாகத் திரும்பியது. மறுபக்கத்திலிருந்து திருப்பினால் திசை மாறும் என்பது சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. அன்று எந்தப் பக்கம் திருப்பினோம்? அன்றிலிருந்து சோற்றைப் பிசையும்போதுகூட அவன் மணிக்கட்டு ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

"கடைசியா யாரு இதுல கை வச்சது? போல்ட்டுத் தலையக் கொதறி வச்சிருக்கு."

"அவருதான். வேற யாரைத் தொட விட்டாரு?" என்றாள் அண்ணி.

அவன் டார்ச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

மெக்கானிக் ஸ்பேனரை மாட்டி, அதன் முனையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். டக்கென்று ஒரு சத்தம்.

"நல்லா டைட்டாத்தானே இருந்துச்சு?" அவன் குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது.

"டைட்டா, துருவான்னு வாஷரை எடுத்தாத்தான் தெரியும். இறுக்கி வச்சிருந்தா அடியில பளிச்சுனு இருக்கும். லூசா ஓடியிருந்தா செக்கச்செவேல்னு துரு ஏறியிருக்கும்."

போல்ட் வெளியே வந்தது. வாஷர் அதிலேயே ஒட்டியிருந்தது, மேலெல்லாம் கறுத்த எண்ணெய்ச் சேறு. மெக்கானிக் அதற்கடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினார்.

"வெளிச்சத்த இப்படிக் காட்டுப்பா. ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

அண்ணி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் நிலைத்தது, வாஷரின் மேல், அதை நெம்பும் நகத்தின் மேல்.